மாலுமி என்னும் ஆசான்

நாள்தோறும் நாம் வழங்கும் சொற்கள் சிலவற்றின் வரலாறு பெரியதொரு பாடத்தைக் கற்பித்துவிடுவதுண்டு. 'மாலுமி' என்னும் சொல் அத்தகையது. மரக்கலத்தைச் செலுத்துவோருக்குரிய பெயராகத் தமிழில் வேரூன்றிவிட்ட இச்சொல், 'முஅல்லிம்' என்னும் அரபுச் சொல்லின் வழிவந்ததாகும். முஅல்லிம் என்பதற்குக் கற்பிப்பவர், ஆசான் என்பது பொருள். பள்ளியில் பாடம் சொல்லித் தருபவருக்கும், நடுக்கடலில் திசையறிந்து கலம் நடத்துபவருக்கும் அரபுக் கடலோடிகள் ஒரே பெயரை வழங்கினர். கலத்தைத் திருப்பும் 'சுக்கான்' என்னும் சொல்லும் அம்மொழி நமக்குத் தந்ததே. கடல்வழி வாணிகத்தின் வாயிலாக நம் கரையில் வந்திறங்கிய இச்சொற்கள் இன்று நம்முடையவையாகிவிட்டன. ஆயினும் சொல்லை ஏற்றுக்கொண்ட நாம், அதன் பொருளை ஏற்றுக்கொண்டோமா என்பது எண்ணிப்பார்க்கத்தக்கது.

கலம் செலுத்துபவர் ஆசானாகவும் இருத்தல் வேண்டும். தாம் கற்ற தொழிலையும் நீர்மேல் வாழ்ந்த வாழ்வையும் பிறருக்குச் சொல்லுதல் வேண்டும். அவ்வாறு சொல்லப்படும்போதே கடல்தொழில் தலைமுறை கடந்து நிலைக்கும். சொல்லப்படாதபோது ஒருவருடைய அறுபதாண்டு அறிவு அவரோடு மண்ணுக்குள் போய்விடும். இக்கருத்தை வலியுறுத்துவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூவகை மாலுமிகள்

பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அஹ்மத் இப்னு மாஜித், இன்றைய ராஸ் அல் கைமாப் பகுதியிலிருந்த ஜுல்ஃபாரைச் சேர்ந்தவர். தந்தையும் பாட்டனாரும் மாலுமிகளாக விளங்கிய குடும்பத்தில் தோன்றியவர். ஏறத்தாழ 1490ஆம் ஆண்டில் அவர் இயற்றிய 'கிதாபுல் ஃபவாயித்' என்னும் உரைநடை நூல், விண்மீன்களைக் கொண்டு திசையும் இடமும் அறிதல், பருவக்காற்றின் காலங்கள், கரைகளின் அடையாளங்கள், துறைமுகங்களுக்கு இடையிலான வழிகள் ஆகியவற்றை விரித்துரைப்பது. அவருடைய ஏனைய படைப்புகளில் பெரும்பாலானவை செய்யுள் வடிவிலானவை. வாஸ்கோ ட காமாவுக்கு வழிகாட்டியவர் இவரே என்னும் செய்தியை அறிஞர் பலர் மறுத்துவிட்டனர். அச்செய்தி இல்லாமலே அவர் புகழுக்குரியவர்.

இப்னு மாஜித் மாலுமிகளை மூன்று வகையினராகப் பிரிக்கிறார். சில வேளை தப்பியும் சில வேளை தவறியும் கடலில் சென்று வருபவர் முதல் வகையினர். தாம் அறிந்த வழிகளில் வல்லவராய்ப் பெயர் பெற்றிருந்தும், இறந்தபின் மறக்கப்படுபவர் இரண்டாம் வகையினர். கடலறிவு முழுவதும் கைவரப்பெற்று, தம் வாழ்நாளிலும் அதற்குப் பின்னும் பிறர்க்குப் பயன்படும் நூல்களை எழுதிவைப்பவர் மூன்றாம் வகையினர், அவர்களே தலையாயவர். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் சொல்லப்பட்ட இப்பகுப்பை உரைகல்லாகக் கொண்டு பார்த்தால், நம் கரையின் மாலுமிகளில் மிகப் பலர் இரண்டாம் வகையினராகவே மறைந்துபோயினர் என்பது புலப்படும். அஃது அவர்களின் குறையன்று; கேட்டு எழுதிக்கொள்ளாத நம் குறை.

இதற்கொரு சான்று உண்டு. சோழமண்டலக் கரையின் கடலோடிகள், சிறு பலகையொன்றையும் முடிச்சிட்ட கயிற்றையும் கொண்டு விண்மீனின் உயரத்தை அளந்தனர். ஒவ்வொரு முடிச்சும் ஒரு துறைமுகத்துக்குரிய அளவு. இக்கருவியைப் பற்றிய விரிவான செய்தி நமக்குக் கிடைப்பது காங்கிரீவ் என்னும் ஆங்கிலேய அதிகாரி 1850ஆம் ஆண்டில் சென்னை இதழொன்றில் எழுதிய கட்டுரையால்தான். கருவி நம்முடையது, அறிவு நம்முடையது, எழுதிய கைதான் நம்முடையதன்று.

எழுதியதால் தொடர்ந்த மரபு

ஜோஷுவா ஸ்லோகம் 1844ஆம் ஆண்டில் நோவா ஸ்கோஷியாவில் பிறந்தவர். பள்ளிப்படிப்பு மிகக் குறைவு. சிறுவயதிலேயே கடலுக்குச் சென்று, படிப்படியாக உயர்ந்து, பாய்க்கப்பல்களின் தலைவரானார். நீராவிக் கப்பல்கள் பெருகியபோது பாய்க்கப்பல் தலைவர்களுக்கு வேலையில்லாமற் போயிற்று. நடுவயதில் தொழிலிழந்து நின்ற அவருக்கு நண்பர் ஒருவர் பழுதுபட்ட பழம்படகு ஒன்றைக் கொடுத்தார். பதின்மூன்று திங்கள் உழைத்து, பலகை பலகையாக அதனைப் புதுப்பித்து, 1895ஆம் ஆண்டு ஏப்ரலில் பாஸ்டனிலிருந்து தனியொருவராகப் புறப்பட்ட ஸ்லோகம், 46,000 மைல்களுக்கு மேல் கடந்து, 1898ஆம் ஆண்டு ஜூன் திங்களில் தாயகம் திரும்பினார். உலகைத் தனியே கலத்தில் சுற்றிவந்த முதல் மனிதர் அவரே. 1900ஆம் ஆண்டில் அப்பயணத்தை நூலாக எழுதினார். தொழிலை இழந்த ஒருவருக்கு, அத்தொழிலின்பாலுள்ள காதலும் எழுதுகோலும் மீண்டும் வாழ்வளித்தன. அவருக்குப் பின் கடல்சுற்றிய பலருக்கும் அந்நூலே முதற்பாடமாயிற்று.

அடுத்து வருபவர் ராபின் நாக்ஸ் ஜான்ஸ்டன். வணிகக் கப்பலில் அதிகாரியாகப் பணியாற்றிய இவர், 1960களில் பம்பாயில் தமக்கெனத் தேக்குமரப் படகொன்றைக் கட்டுவித்தார். வாய்ச்சி கொண்டு மரம் செதுக்கும் இந்தியத் தச்சர்களின் கைவண்ணத்தில் உருவான அப்படகுக்கு, அரபுக் கடலோடிகள் பாரசீக வளைகுடாவின் தென்கிழக்குக் காற்றுக்கு வழங்கிய 'சுஹைலி' என்னும் பெயரைச் சூட்டினார். 32 அடி நீளமேயுடைய அப்படகில் 1968ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு, எங்கும் கரையேறாமல் 312 நாட்களில் உலகைச் சுற்றி, 1969ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள் திரும்பினார். தனியாகவும் இடைநில்லாமலும் உலகைச் சுற்றிய முதல் சாதனை, இந்தியத் தொழிலாளர் கட்டிய படகில் நிகழ்ந்தது என்பதை நம் மாணவருள் எத்தனை பேர் அறிவர்?

இக்கடலோடியின் அறிவு மீண்டும் இந்தியாவுக்கே வந்து சேர்ந்தது. இந்தியர் ஒருவர் இந்தியாவில் கட்டிய படகில் உலகைத் தனியே சுற்றிவர வேண்டும் என்று கனவு கண்டவர் கடற்படையின் வைஸ் அட்மிரல் மனோகர் அவதி. அதற்கு முன்வந்த கமாண்டர் திலீப் டோண்டே, இங்கிலாந்து சென்று நாக்ஸ் ஜான்ஸ்டனிடம் நேரில் கற்றார். கோவாவில் ரத்னாகர் தாண்டேக்கர் கட்டிய 'மாதேய்' என்னும் படகில் 2009ஆம் ஆண்டு ஆகஸ்டில் புறப்பட்டு 2010ஆம் ஆண்டு மே திங்களில் மும்பை திரும்பினார். அடுத்து அபிலாஷ் டோமி, அதே படகில் 2012–13ஆம் ஆண்டுகளில் இடைநில்லாமல் 151 நாட்களில் சுற்றிவந்தார். டோண்டேயிடம் பயின்ற ஆறு பெண் அதிகாரிகள் 2017–18ஆம் ஆண்டுகளில் 'தாரிணி' என்னும் கலத்தில் உலகை வலம்வந்தனர். டோமியின் வழிகாட்டலில் அதே தாரிணியில், கேரளத்தின் தில்னாவும் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாவும் 2024ஆம் ஆண்டு அக்டோபரில் கோவாவிலிருந்து புறப்பட்டு, 2025ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் வெற்றியுடன் திரும்பினர். இவ்வரிசையில் ஒவ்வொருவரும் முதலில் மாணவர், பின்னர் ஆசான். முஅல்லிம் என்னும் சொல்லின் முழுப்பொருளும் இங்கே விளங்குகிறது.

உள்ளதை உள்ளபடி உரைத்தல்

'இவையெல்லாம் அரசின் துணையுடைய சிலரின் வீரச்செயல்கள். வயிற்றுப்பாட்டுக்காகக் கப்பலேறும் எளியவருக்கு இவற்றால் என்ன பயன்?' என்று பெரியோர் சிலர் கேட்கக்கூடும். நேர்மையான கேள்வியே இது. கடல்வாழ்வு இனிமை மட்டுமே நிறைந்ததன்று. வீட்டில் நிகழும் பிறப்பும் இறப்பும் காணாமல் பலதிங்கள் கழிப்பது, ஒப்பந்தம் முடிந்தபின் அடுத்த வேலை வரும்வரை வருவாயின்றிக் காத்திருப்பது, உறக்கம் முறிந்த முறைக்காவல் ஆகியன அதன் மறுபக்கம். 2018ஆம் ஆண்டு செப்டம்பரில் தென்னிந்தியப் பெருங்கடலின் புயலில் முதுகெலும்பு அடிபட்டு, அசையவும் இயலாமல் கிடந்த அபிலாஷ் டோமியைப் பிரெஞ்சுக் கலமொன்று மீட்டது. அவர் மீண்டெழுந்து, 2023ஆம் ஆண்டில் நிறைவுற்ற உலகப் போட்டியில் இரண்டாமிடம் பெற்றார். ஆனால் ஸ்லோகமோ, பின்னாளில் அதே படகில் புறப்பட்டவர், திரும்பவே இல்லை.

ஆகவேதான் சொல்லுதல் மட்டும் போதாது. உண்மையைச் சொல்லுதல் வேண்டும் என்கிறேன். நாக்ஸ் ஜான்ஸ்டன் வென்ற அதே போட்டியில் கலந்துகொண்ட டொனால்ட் க்ரோஹர்ஸ்ட் என்பார், தாம் செல்லாத இடங்களில் இருப்பதாகப் பொய்ச்செய்தி அனுப்பினார். அப்பொய்யின் சுமை தாளாமல் அவர் மனம் சிதைந்ததை, 1969ஆம் ஆண்டு ஜூலையில் ஆளின்றி மிதந்த அவர் படகிலிருந்த குறிப்பேடுகள் காட்டின. வென்றவர் தமக்குக் கிடைத்த 5,000 பவுண்டுப் பரிசை அவருடைய குடும்பத்துக்கே வழங்கினார். கடலுக்குச் சென்றவர் சொல்லும் பொய் அவரையும் அழிக்கும். அதனை நம்பிச் செல்லும் இளைஞரையும் அழிக்கும்.

இன்றும் கப்பல் வேலை வாங்கித் தருவதாகக் கூறி ஏழைப் பெற்றோரின் நகையையும் நிலத்தையும் கரைக்கும் தரகர்கள் உள்ளனர். வேலை தேடித் தருவதற்காகக் கடலோடியிடம் கட்டணம் பெறுதல் கூடாது என்பது 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின் விதி; அதனை இந்தியா 2015ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. அரசின் உரிமம் பெற்ற ஆள்சேர்ப்பு நிறுவனம் எது, சி.டி.சி. எனப்படும் கடலோடிச் சான்றேட்டை எவ்வாறு பெறுவது என்பன போன்ற செய்திகளை விளம்பரங்களைவிடத் தெளிவாகச் சொல்லக்கூடியவர், அவ்வழியே நடந்து மீண்ட அண்டைவீட்டு மாலுமியே. அவர் வாய் திறவாதபோது தரகரின் வாய்ச்சொல்லே வேதவாக்காகிவிடுகிறது.

நம் கரையின் கடமை

கீழக்கரை, காயல்பட்டினம், தொண்டி, அதிராம்பட்டினம், நாகூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி ஆகிய ஊர்களின் பெயரைச் சொன்னாலே கடல் நினைவுக்கு வரும். மரக்கலத்தோடு தொடர்புடையதெனப் பலர் கருதும் 'மரைக்காயர்' என்னும் பெயர் இன்றும் நம்மிடையே வழங்குகிறது. அணியம், பாய்மரம், நங்கூரம், சுக்கான் என ஒவ்வோர் உறுப்புக்கும் பெயர். கொண்டல், வாடை, கச்சான், சோழகம் எனத் திசைக்கொரு காற்றுக்குப் பெயர். மரக்கலம் கட்டும் ஓடாவி, பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்துக் கலப்பற்று அடிப்பவர், முத்தும் சங்கும் குளித்தவர், தோணியை நடத்திய தண்டல் என எத்தனையோ தொழிலர். தோணிகள் பாயைக் கைவிட்டு எந்திரத்துக்கு மாறியபோது பாய்த்தொழிலின் நுட்பங்களும் நழுவத் தொடங்கின. பாய்விரித்துக் கலம் நடத்திய கடைசித் தலைமுறையினர் இன்று முதுமையின் எல்லையில் நிற்கின்றனர்.

கடல்தொழிலின் கதவுகள் மூடிவிட்டன என எண்ணுதல் தவறு. 2008ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் தலைமையகம் சென்னையிலேயே உள்ளது. நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் இயங்குகிறது. சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன், பாய்ப்படகுப் போட்டியில் ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண்ணாக 2021ஆம் ஆண்டில் டோக்கியோ சென்றார். கல்லூரிகள் உள்ளன; வாய்ப்புகளும் உள்ளன. அவற்றை நோக்கி இளையோரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் அனுபவக் குரலே குறைவாக உள்ளது.

இப்பணியில் தமிழ்த்துறைக்கு என்ன பங்கு என்று கேட்கலாம். பெரும்பங்கு உண்டு. ஒவ்வொரு மாணவரும் விடுமுறையில் தம் ஊரின் கடலோடி ஒருவரையேனும் நாடிச் செல்லட்டும். எவ்வயதில், எவ்வேலையில் சேர்ந்தார், யாரிடம் தொழில் கற்றார், முதற்கூலி எவ்வளவு, எத்துறைமுகங்களைக் கண்டார், எக்காற்றுக்கு அஞ்சினார், எதனால் கரையேறினார் என்று கேட்டு, அவர் சொன்ன சொல் மாறாமல் எழுதட்டும். ஆண்கள் கடலில் இருந்த காலமெல்லாம் வீட்டையும் வரவுசெலவையும் தாங்கிய அன்னையரின் வாய்மொழியையும் விட்டுவிடலாகாது. கடல்வாழ்வின் பாதி கரையில்தான் நடந்தது. பட்டயப் படிப்புக்கும் பட்டப் படிப்புக்கும் உரிய ஆய்வேடுகளாக இவற்றைத் துறைகள் ஏற்றுக்கொள்ளட்டும். ஊர்ப்பெரியோரும், 'நம் கதையை யார் கேட்பார்' என ஒதுங்காமல், கேட்க வரும் பிள்ளைகளைத் திண்ணையில் அமர்த்திப் பேசட்டும்.

மாலுமிகளுள் தலையாயவர் யார் என்பதற்கு இப்னு மாஜித் வகுத்த இலக்கணம் நம்முன் உள்ளது. நம் ஊர் மாலுமியை இரண்டாம் வகையிலிருந்து மூன்றாம் வகைக்கு உயர்த்த, ஒரு குறிப்பேடும் ஓர் எழுதுகோலும், பொறுமையாகக் கேட்கும் செவியும் போதும். அவை மூன்றும் மாணவச் செல்வங்களிடம் உள்ளன. காலம் மட்டுமே குறைவாக இருக்கிறது.