வீண் சஸ்திர சிகிச்சையும் நஷ்ட ஈடும்

நோயைத் தீர்ப்பதற்காக வைத்தியர் கத்தியை எடுப்பதைச் சட்டம் அனுமதிக்கிறது. பிறர் உடலைக் கத்தியால் கீறுகிற வேறு எவரையும் அதே சட்டம் தண்டிக்கிறது. இவ்விரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டே அம்சங்களில் அடங்கியிருக்கிறது. ஒன்று, சிகிச்சை அவசியமானதாயிருக்க வேண்டும். மற்றொன்று, நோயாளி விஷயத்தை உள்ளபடி அறிந்து சம்மதித்திருக்க வேண்டும். அவசியம் ஏதுமின்றி, பொய்யான பயத்தைக் காட்டிச் சம்மதம் வாங்கி, பணத்தின் பொருட்டு ஓர் அவயவத்தை வெட்டி எடுத்துவிட்டால் அதற்குச் சிகிச்சை என்று பெயர் சொல்ல முடியுமா? அப்படி இழந்தவருக்கு நஷ்ட ஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர் யார்? எவ்வளவு, எத்தனை காலத்திற்குள்? இக்கேள்விகளுக்குச் சட்டப் புஸ்தகத்தில் விடை இல்லாமலில்லை. ஆனால் அந்த விடை ஏழை மாதின் குடிசைக்கு இன்னும் வந்து சேரவில்லை என்பதே நமது புகார்.

2008இல் இந்திய சர்க்கார் ஏழைக் குடும்பங்களுக்காக ராஷ்ட்ரீய ஸ்வாஸ்த்ய பீமா யோஜனா என்ற இன்ஷூரன்ஸ் திட்டத்தை ஏற்படுத்தியது. அப்போது குடும்பம் 30 ரூபாய் பதிவுக் கட்டணம் கட்டினால் போதுமாயிருந்தது. வருஷத்திற்கு 30,000 ரூபாய் வரையில் ஆஸ்பத்திரிச் செலவை இன்ஷூரன்ஸ் கம்பெனி ஏற்றது. நோக்கம் உத்தமமானது. ஆனால் தேன் இருக்குமிடத்தை எறும்பு அறிந்துகொள்வதுபோல, இந்த அட்டை இருக்குமிடத்தைச் சில தனியார் ஆஸ்பத்திரிகள் அறிந்துகொண்டன. வயிற்று வலி என்றும் வெள்ளைப் போக்கு என்றும் வந்த கிராமத்து மாதரிடம், "கர்ப்பப்பையை எடுக்காவிட்டால் கான்ஸர் வந்துவிடும்" என்று சொல்லி, அதை எடுத்துவிட்டு, கம்பெனிக்குப் பில் அனுப்பினார்கள் என்று பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் ஆகிய ராஜ்யங்களிலிருந்து புகார்கள் கிளம்பின. 2012இல் பீகாரின் ஸமஸ்திபூர் ஜில்லாவைப் பற்றிய செய்திகள் வெளியானதும் அந்த ராஜ்யத்து மனித உரிமைக் கமிஷன் தானாகவே விஷயத்தைக் கையிலெடுத்தது. டாக்டர் நரேந்திர குப்தா என்ற பொதுநல ஊழியர் 2013இல் சுப்ரீம் கோர்ட்டில் ஒரு மனுத் தாக்கல் செய்தார்.

அந்த மனுவின்மீது 2023 ஏப்ரல் 5ஆம் தேதி தீர்ப்பு வெளியாயிற்று. இடையில் சென்ற காலம் பத்து வருஷம். தேக ஆரோக்கியத்தைப் பெறும் உரிமை, உயிர் வாழும் உரிமையிலிருந்து பிரிக்க முடியாத அங்கம் என்று கோர்ட் வற்புறுத்திற்று. தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுக்கப்படுவதைத் தடுக்க மத்திய சர்க்கார் 2022இல் வகுத்த விதிகளை எல்லா ராஜ்யங்களும் மூன்று மாதத்திற்குள் ஏற்கவேண்டும் என்றும், ஜில்லாதோறும் ராஜ்யந்தோறும் கண்காணிப்புக் கமிட்டிகள் இருக்கவேண்டும் என்றும், அவசியமின்றியோ சம்மதமின்றியோ இத்தகைய சிகிச்சை செய்த ஆஸ்பத்திரிகளைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்றும் அது உத்தரவிட்டது. இத்தீர்ப்பை நாம் மனமுவந்து பாராட்டுகிறோம். ஆயினும் அதன் பிரதான நோக்கம் இனிமேல் நடவாமல் தடுப்பதே. முன்பே கர்ப்பப்பையைப் பறிகொடுத்து, முப்பது வயதிலேயே முதுமை எய்திவிட்ட மாதருக்குப் பரிகாரம் என்ன என்ற கேள்வி தேசமளாவிய முறையில் தீர்க்கப்படாமலே நிற்கிறது.

இது நாலைந்து ஆஸ்பத்திரிகளின் விஷயம் என்று யாரும் அலட்சியமாக நினைக்க வேண்டாம். 2015-16இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கின்படி, 15 முதல் 49 வயது வரையிலுள்ள இந்திய மாதரில் நூற்றுக்கு மூவர் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டவர்கள். ஆந்திரத்தில் இது ஏறக்குறைய ஒன்பது. தெலங்கானாவில் ஏறக்குறைய எட்டு. இச்சிகிச்சைகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு தனியார் ஆஸ்பத்திரிகளில் நடந்தவை. ஒரே தேசத்து மாதரின் உடலில் ராஜ்யத்துக்கு ராஜ்யம் நோய் இவ்வளவு வித்தியாசப்படுமா? வித்தியாசத்துக்குக் காரணம் நோயிலன்று, வேறெங்கோ இருக்கிறது என்று சந்தேகிக்க இடமிருக்கிறது.

மகாராஷ்டிரத்தின் பீட் ஜில்லாவில் நடந்தது இன்னும் கொடுமை. அங்கிருந்து கரும்பு வெட்டப் போகும் மாதரைக் குறித்து அந்த ராஜ்ய சர்க்கார் நியமித்த கமிட்டி 2019இல் விசாரித்தது. கணக்கெடுக்கப்பட்ட 82,309 மாதரில் 13,861 பேர் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டவர்கள் என்று தெரியவந்தது. அதாவது நூற்றுக்குப் பதினேழு பேர். இவர்கள் புருஷனும் மனைவியுமாகக் காண்டிராக்டரிடம் முன்பணம் வாங்கி, ஒரே ஜோடியாகக் கணக்கிடப்பட்டு வேலைக்குப் போகிறவர்கள். ஒரு நாள் வராவிட்டால் கூலியும் போகும். அதற்குமேல் தண்டமும் உண்டு. தங்கும் கூடாரத்தில் குளிக்க மறைவிடமில்லை. மாதவிலக்குக் காலத்தில் ஓய்வுமில்லை. "இந்தத் தொந்தரவே வேண்டாம், எடுத்துவிடுங்கள்" என்று சிலர் தாமாகவே கேட்டார்கள் என்று சமாதானம் சொல்லப்படுகிறது. கழுத்தில் கடன் சுருக்கு விழுந்தவர் கேட்பதைச் சுதந்திரமான சம்மதம் என்று நாம் ஒப்ப மாட்டோம். இங்கே பொறுப்பு வைத்தியர் ஒருவரோடு நிற்பதன்று. காண்டிராக்டருக்கும், அவர் மூலம் ஆள் பிடிக்கும் சர்க்கரை ஆலைக்கும், கண்ணை மூடிக்கொண்டிருந்த சர்க்காருக்கும் அதில் பங்குண்டு.

நியாயத்தை முன்னிட்டு ஒன்று கூற வேண்டும். கர்ப்பப்பையை எடுப்பது பல சமயங்களில் உயிர் காக்கும் சிகிச்சை. கான்ஸருக்கும், வேறு எதற்கும் கட்டுப்படாத இரத்தப் போக்குக்கும், பெருங்கட்டிகளுக்கும் அது அவசியமாகலாம். ஆனால் வெள்ளைப் போக்குக்கும் சாதாரண வயிற்று வலிக்கும் மருந்து இருக்கிறது. இரத்தப் போக்கைக்கூட மருந்தாலும் சிறு சிகிச்சையாலும் அநேகமாகக் கட்டுப்படுத்தலாம். இவற்றைச் செய்து பார்க்காமல் முதல் நாளே கத்தியை எடுப்பதுதான் குற்றம். கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் இளம் வயதில் எடுத்துவிட்டால் விளைவு பன்மடங்காகும். மாதவிடாய் நின்ற முதுமையின் உபாதைகள் ஒரே நாளில் வந்து சேர்கின்றன, எலும்பு பலமிழக்கிறது, இருதய நோய்க்கும் இடமுண்டாகிறது. நாள் முழுவதும் குனிந்து நிமிர்ந்து பிழைக்கும் கூலிக்காரிக்கு எலும்பின் பலம் போனால் ஜீவனோபாயமே போயிற்று. நஷ்ட ஈட்டைக் கணக்கிடுகிறவர்கள் ஆஸ்பத்திரி வாங்கிய பீஸை மாத்திரம் கணக்கிட்டால் போதாது என்று நாம் சொல்வது இதனாலேயே.

சட்டம் என்ன சொல்கிறது? பணம் பெற்றுச் செய்யப்படும் வைத்தியம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திற்கு உட்பட்டதே என்று 1995 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. நோயாளிக்காக இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் கட்டினாலும் அது இலவச சேவையாகாது என்றும் அத்தீர்ப்பு கூறுகிறது. ஆகவே, "உன் கையிலிருந்து ஒரு காசும் வாங்கவில்லையே" என்று ஆஸ்பத்திரிகள் தப்பித்துக்கொள்ள வழியில்லை. 2008 ஜனவரி 16ஆம் தேதித் தீர்ப்பொன்று சம்மதத்தைப் பற்றி இன்னும் தெளிவாகப் பேசுகிறது. டில்லியில் 1995இல் ஒரு மாது பரிசோதனைக்கென்று சம்மதித்து மயக்க மருந்து ஏற்றுக்கொண்டார். மயக்கத்தில் கிடந்தபோது வெளியிலிருந்த அவருடைய தாயாரிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்குச் செல்லாது, உயிருக்கு உடனடி ஆபத்தில்லாதபோது வயது வந்தவருக்காக மற்றொருவர் சம்மதிக்க முடியாது என்று கோர்ட் தீர்மானித்தது. வைத்தியர் நல்லெண்ணத்துடனேயே செய்தார் என்று ஒப்புக்கொண்டபோதிலும், பீஸை மறுத்து, நஷ்ட ஈடும் விதித்தது. தத்துவம் தங்கம் போன்றது. ஆனால் தொகை எவ்வளவு தெரியுமா? 25,000 ரூபாய். அதுவும் பதின்மூன்று வருஷத்திற்குப் பிறகு! படித்த, வக்கீல் வைத்து வாதாட முடிந்த தலைநகரத்து மாதுக்கே கதி இதுவென்றால், ஸமஸ்திபூர்க் கிராமத்து மாதின் கதியை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அவள் வழியில் நிற்கும் தடைகள் பல. வழக்குத் தொடர இரண்டு வருஷம் கெடு. சிகிச்சை வீண் என்று அவள் அறிந்துகொள்வதற்கே நாலைந்து வருஷமாகலாம். தாமதத்தை மன்னிக்கக் கமிஷனுக்கு அதிகாரமுண்டு. ஆனால் அதைக் கேட்டுப் பெறவும் வக்கீல் வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்திற்குள் சிகிச்சைப் பத்திரங்களைக் கொடுக்க வேண்டும் என்று 2002ஆம் வருஷத்து வைத்தியக் கவுன்ஸில் விதி சொல்கிறது. அந்தப் பத்திரங்களை மூன்று வருஷந்தான் காப்பாற்றி வைக்கவேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. பத்திரம் அழிந்தால் சாட்சியம் அழிந்தது. சிகிச்சை அவசியமில்லை என்று மற்றொரு வைத்தியர் சாட்சி சொல்லவேண்டும். ஒரே ஊரில் தொழில் செய்யும் வைத்தியர் மற்றவருக்கு விரோதமாகக் கூண்டேற எளிதில் துணிவதில்லை.

இங்கிலாந்தில் நடந்ததை இங்கே நினைவூட்டுவது தகும். இயன் பாட்டர்ஸன் என்ற மார்பக சஸ்திர வைத்தியர் கான்ஸர் அபாயத்தை மிகைப்படுத்திக் கூறி, வேண்டாத சிகிச்சைகளைச் செய்துவந்தார். 2017இல் அவரைக் கோர்ட் குற்றவாளியாகத் தீர்மானித்தது; 15 வருஷச் சிறைத் தண்டனை அப்பீலில் 20 வருஷமாக உயர்த்தப்பட்டது. அத்துடன் அவர்கள் நிற்கவில்லை. அவர் வேலை செய்த தனியார் ஆஸ்பத்திரிக் குழுவும் மற்றவர்களும் சேர்ந்து 37 மில்லியன் பவுன் கொண்ட நிதி ஒன்றை ஏற்படுத்தி, சுமார் 750 நோயாளிகளுக்கு நஷ்ட ஈடு வழங்க இசைந்தார்கள். ஒருவர் செய்த அநியாயத்துக்கு அவருக்கு இடங்கொடுத்த ஸ்தாபனமும் பணங்கட்ட நேர்ந்தது என்பதே நாம் கவனிக்க வேண்டிய பாடம். ஆங்கிலேயரிடம் கற்றுக்கொள்ளக் கூடாதவை எத்தனையோ உண்டு. இது அவற்றில் சேர்ந்ததல்ல.

நஷ்ட ஈடு என்ற கத்தியை வைத்தியர் தலைக்குமேல் தொங்கவிட்டால், அவசியமான சிகிச்சையைச் செய்யவும் அவர்கள் அஞ்சுவார்கள் என்று ஆட்சேபிக்கப்படுகிறது. இந்த ஆட்சேபத்தை நாம் அற்பமாக எண்ணவில்லை. முடிவு தவறிப் போனதற்காக எந்த வைத்தியரும் தண்டிக்கப்படலாகாது. ஆய்ந்து பார்த்துச் செய்த தீர்மானம் பின்னர்ப் பிழையென்று தெரிந்தால் அது துரதிர்ஷ்டம், குற்றமன்று. எடுத்த அவயவம் லாபரட்டரியில் நோயற்றதாகக் காணப்பட்டதை மாத்திரம் வைத்து வைத்தியரைக் குற்றஞ்சாட்டவும் முடியாது. ஆனால் ஸ்கேன் எடுக்காமல், மருந்து கொடுத்துப் பார்க்காமல், மாற்று வழியைச் சொல்லாமல், நோயாளிக்கு வாசிக்கத் தெரியாத காகிதத்தில் கைரேகை வாங்கிக்கொண்டு செய்ததைத் தீர்மானப் பிழை என்று எவரும் மறைக்க முடியாது. யோக்கியமான வைத்தியருக்கு அவர் எழுதி வைத்த குறிப்பே கேடயம். குறிப்பில்லாதவர்தாம் அஞ்ச வேண்டும்.

ஆகவே, சர்க்கார்களிடம் நாம் கேட்பவை இவை. முதலாவது, இன்ஷூரன்ஸ் திட்டங்களின் கீழ் நாற்பது வயதுக்குட்பட்டவர்களுக்கு நடந்த இந்தச் சிகிச்சைகளின் கணக்குகளைச் சர்க்காரே வெளியே எடுத்து, சுயேச்சையான வைத்தியர் குழுவைக் கொண்டு பரிசீலிக்க வேண்டும். ஒவ்வொரு மாதும் தனித்தனியே கோர்ட் வாசலில் காத்துக் கிடக்கும்படி விடலாகாது. இரண்டாவது, கெடு என்பது சிகிச்சை நடந்த நாளிலிருந்து அல்லாமல், அது வீண் என்று தெரிந்த நாளிலிருந்து தொடங்க வேண்டும். சிகிச்சைப் பத்திரங்களைப் பத்து வருஷமாவது காப்பாற்ற வேண்டும். மூன்றாவது, பத்திரம் காட்டத் தவறிய ஆஸ்பத்திரியின்மீதே நிரூபிக்கும் பாரத்தைச் சுமத்த வேண்டும். நான்காவது, நஷ்ட ஈட்டைச் சர்க்கார் உடனே கொடுத்துவிட்டு, பிறகு குற்றம் செய்த ஆஸ்பத்திரியிடமிருந்து வசூலிக்க வேண்டும். தொகையில் இழந்த கூலியும், ஆயுள் முழுவதற்கும் வேண்டிய வைத்தியச் செலவும் அடங்கவேண்டும்.

பணம் கொடுத்தால் இழந்த அவயவம் திரும்பி வருமா என்று கேட்கலாம். வராது. ஆனால் நஷ்ட ஈடு என்பது தர்மமல்ல. அபகரிக்கப்பட்டது இன்னதென்று ராஜ்யம் பகிரங்கமாக ஒப்புக்கொள்வது. வீண் சிகிச்சை லாபமாயிருக்கும் வரையில் அது நிற்கப் போவதில்லை. அது நஷ்டமாகிற அன்றே நிற்கும். ஏழை மாதின் உடலுக்கு விலையில்லை என்று எண்ணியவர்களுக்கு விலை உண்டு என்று காட்டும் பொறுப்பு சர்க்காருடையது. அதை இனியும் தாமதிப்பது, செய்த அநியாயத்தில் பங்கு கொள்வதேயாகும்.