காசுக்குத் தீட்டில்லை, கைக்குத்தான் தீட்டு!

விழுப்புரம் ஜங்ஷனிலோ திண்டிவனம் ஸ்டேஷனிலோ இன்று காப்பி வாங்கிக் குடிப்பவரை "நீ என்ன ஜாதி?" என்று கேட்பாரில்லை. ஆனால், 1941-ம் வருஷம் வரை தென்னிந்திய ரயில்வேயின் சாப்பாட்டு விடுதிகளில் பிராமணாளுக்கு ஓர் இடம், இதராளுக்கு ஓர் இடம் என்று பிரித்து வைத்திருந்தார்கள் என்பதும், சுயமரியாதைக்காரர்கள் ஓயாமல் கிளர்ச்சி செய்ததன் பேரில்தான் அந்தப் பலகை இறங்கிற்று என்பதும் இக்கால வாலிபர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நிற்க. ரயிலடியில் ஜாதி கேட்கப்படாததற்குக் காரணம் கடைக்காரனின் தயாள குணமல்ல. வருகிறவன் யார் என்று அவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான். அதே மனிதன் தன் கிராமத்து டீக்கடைக்குப் போகட்டும். அங்கே கடைக்காரனுக்கு அவன் பாட்டன் பெயர் வரையில் தெரியும். தனிக் குவளை ஒழிந்த இடத்தில் காகிதக் குவளை வந்து உட்கார்ந்துகொள்ளுகிறது. சில்லறையை மாத்திரம் கை நீட்டி வாங்கிக் கல்லாவில் போட்டுக்கொள்ளுகிறான். காசுக்கு ஜாதியில்லை போலும்!

2022 செப்டம்பரில் சங்கரன்கோவிலுக்கு அருகே பாஞ்சாகுளத்தில் தின்பண்டம் வாங்கப் போன ஆதித்திராவிடக் குழந்தைகளைப் பார்த்து, "உங்களுக்குக் கொடுக்கக் கூடாதென்று ஊர்க் கட்டுப்பாடு" என்று சொல்லித் திருப்பி அனுப்பினான் ஒரு கடைக்காரன். அதைத் தானே படம் பிடித்துப் பரப்பியும் விட்டார்கள். அதனால்தான் கைது நடந்தது, கடைக்குச் சீல் வைக்கப்பட்டது. படம் பிடிக்காத கடைகளின் கதி என்னவென்று கேட்கின்றோம்.

சட்டமில்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு, கடைக்குள் போவதற்கு ஜாதி தடையாகாது என்கிறது. கடை என்பதில் சலவைக் கடையும் சவரக் கடையும் சேருமா என்று 1948-ல் அரசியல் நிர்ணய சபையில் கேட்டபோது, கூலிக்கு வேலை செய்து கொடுக்கும் எல்லா இடமும் சேரும் என்று டாக்டர் அம்பேத்கர் விளக்கினார். 1955-ம் வருஷத்துச் சட்டமோ, மற்றவர்களுக்கு விற்கிற அதே இடத்தில், அதே நிபந்தனையில் விற்க மறுப்பது குற்றம் என்கிறது. தீண்டாமையினால்தான் மறுத்தான் என்று கோர்ட்டே அனுமானிக்க வேண்டும், அல்லவென்று ருசுப்படுத்துவது கடைக்காரன் பொறுப்பு. லைசென்ஸையும் ரத்து செய்யலாம். அபராதம் மாத்திரம் 1976-ல் திருத்தியபடி 100 ரூபாய் முதல் 500 ரூபாய் வரை!

அமெரிக்காவைப் பாருங்கள். 1993-ல் ஜனாதிபதியின் பாதுகாப்புப் படையைச் சேர்ந்த கறுப்பர் 6 பேர் டென்னீஸ் என்ற ஓட்டலில் உட்கார்ந்திருக்க, கூட வந்த வெள்ளையருக்குச் சாப்பாடு வந்தது, இவர்களுக்கு வரவில்லை. வழக்குப் போட்டார்கள். இதுபோன்ற வழக்குகளைத் தீர்க்க மறு வருஷமே 5 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்க அந்தக் கம்பெனி ஒப்புக்கொண்டது. அங்கே நிறவெறி ஒழிந்துவிட்டதென்று நாம் சொல்லவில்லை. அவமதித்தவனே பணத்தைக் கட்டினான் என்பதுதான் கவனிக்கத்தக்கது.

இங்கோ? அவமானப்பட்டவன் போலீசுக்குப் போய், கடைசியில் வெறும் சாட்சியாகக் கூண்டில் நிற்கிறான். 1989-ம் வருஷத்து வன்கொடுமைச் சட்டப்படி நிவாரணம் கிடைத்தாலும் அதைக் கொடுப்பது சர்க்கார். அதாவது அவமானப்பட்டவனும் சேர்ந்து கட்டிய வரிப் பணம்! கடைக்காரன் கல்லாவுக்கு ஒரு சேதமுமில்லை. அன்றியும், கடன் சொல்லி அரிசி பருப்பு வாங்குவது அந்தக் கடையில், கூலி வேலை அந்தக் கடைக்காரனின் உறவினர் நிலத்தில் என்றிருக்கும்போது எவன் துணிவான்? 1978 ஜூலையில் இதே விழுப்புரத்தில் கடைவீதியில் ஆரம்பித்த தகராறு, பெரிய காலனியைச் சேர்ந்த 12 பேர் கொல்லப்படுவதில் போய் முடிந்ததை அவர்கள் மறந்திருப்பார்களா?

ஆகவே ஏழைக் கூலிக்காரனைப் பார்த்து "நீ ஏன் வழக்குப் போடவில்லை?" என்று கேட்பது யோக்கியமாகாது. கேட்க வேண்டியது விழுப்புரம், திண்டிவனம் கோர்ட்டுகளில் இருக்கும் வக்கீல் தோழர்களைத்தான். பீஸ் வாங்காமல், கடைக்காரன் மீதே நஷ்டஈட்டு வழக்கு ஒன்று, ஒரே ஒன்று, போட்டுக் காட்ட அவர்களில் எவர் முன்வருகிறார் என்பதை அறிய ஆசைப்படுகின்றோம்.