தண்ணீரும் இறால் விலையும்



இரண்டு பாத்திரங்களைக் குழாயால் இணைத்துத் தண்ணீர் ஊற்றினால் இரண்டிலும் ஒரே மட்டத்தில் நிற்கும். இது அறிவியல் பாடம். வாங்குபவரும் விற்பவரும் சந்தையில் கூடினால் விலை ஒரு சமநிலைக்கு வரும். இது பொருளாதாரப் பாடம். இரண்டும் வேறு வேறு என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் இந்தச் 'சமநிலை' என்ற எண்ணமே இயற்பியலில் இருந்து பொருளாதாரத்துக்குப் போனதாம்!

அமெரிக்காவில் இர்விங் ஃபிஷர் என்பவர் 1893-ல் தொட்டியும் குழாயும் வைத்து ஒரு இயந்திரமே செய்தார். தண்ணீர் மட்டம் சமமாவது போலத்தான் விலையும் என்று அதில் காட்டினார். அவருடைய ஆசிரியர்களில் ஒருவர் கிப்ஸ் என்ற இயற்பியல் அறிஞர். நம் நாட்டிலும் 1956-ல் தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்குக் கணக்கு வகுத்த மகலனோபிஸ் இயற்பியல் படித்தவரே.

நல்ல யோசனைதான். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம்.

நம்ம பழவேற்காடு ஏரியையே பாருங்கள். முகத்துவாரம் திறந்திருந்தால் கடல் தண்ணீர் உள்ளே வரும். மணல் அடைத்துவிட்டால்? கடல் அந்தப் பக்கம், ஏரி இந்தப் பக்கம். வெயில் காலத்தில் ஏரி வற்றிக்கொண்டே போகும். தண்ணீர் மேல் குற்றம் இல்லை. வழிதான் இல்லை.

எங்க வீட்டு இறாலும் அப்படித்தான். வலை வாங்க அப்பா ஒரு வியாபாரியிடம் முன்பணம் வாங்கினார். அன்றிலிருந்து இறாலை அவரிடமே போட வேண்டும். அவர் சொன்னதுதான் விலை. வேறொருவர் கிலோவுக்கு அதிகம் தந்தாலும் கொடுக்க முடியாது. "வாங்குன கை எப்பவும் கீழதான் இருக்கும்" என்று எங்க ஆயா சொல்லும். இது எப்படிச் சமநிலை ஆகும்?

இதே ஏரியில் சில ஊர்களில் 'பாடு' முறை உண்டு. நல்ல இடம் ஒருவருக்கே போய்விடாமல் முறை வைத்து வலை போடுவார்கள். அது தானாக வந்த சமநிலை இல்லை. பெரியவங்க உட்கார்ந்து பேசி வைத்தது.

என் கருத்து இதுதான். ஃபிஷரின் இயந்திரத்திலும் குழாய் அடைத்தால் மட்டம் சமமாகாது. இயற்பியலில் இருந்து சமநிலையை எடுத்துக்கொண்டவர்கள் குழாயை மறந்துவிடக் கூடாது. வலை வாங்க மகளிர் சுய உதவிக் குழுவிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ குறைந்த வட்டிக்குக் கடன் கிடைத்தால் முன்பணக் கட்டு அவிழும். முகத்துவார மணலைத் தூர்வாரச் சொல்லிக் கேட்கிறோமே, இந்த மணலையும் வாரச் சொல்லிக் கேட்போம்!

— 9-ஆம் வகுப்பு மாணவி, ஆரம்பாக்கம்