கிடங்கு வேண்டாம், குவியல் போதும்



2011 ஆம் ஆண்டு மாரிக்கு முன்னர், முல்லைத்தீவுப் பக்கம் மீளக்குடியேறிய ஒரு சிறிய பங்கில் கூட்டெரு செய்யப் பழக்குவதற்காகப் போயிருந்தேன். ஞாயிறு பூசை முடிந்ததும் ஆலய வளவில், வேப்பமரத்தடியில் இருபது பெண்கள் வரை கூடினார்கள். என் கையிலிருந்த பயிற்சிக் குறிப்பின்படி முதல் வேலை கிடங்கு வெட்டுவது. ஆறடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம்.

அளவைச் சொல்லி முடித்தேன். ஒருவரும் எழும்பவில்லை. மண்வெட்டிகள் கிடந்தபடி கிடந்தன. கடைசியில் ஓர் அக்காதான் வாய் திறந்தார். "ரீச்சர், உந்த அளவுக் கிடங்கு நாங்கள் கனக்க வெட்டிப்போட்டம். இனி வெட்டச் சொல்லாதையுங்கோ."

பங்கர்! நானும் பிள்ளைகளோடு அதற்குள் இருந்தவள்தான். குறிப்பைப் பார்த்து வாசிக்கும்போது அது என் நினைவில் வரவேயில்லை.

அன்று கிடங்கை விட்டுவிட்டு, நிலத்தின் மேலேயே குவித்தோம். அடியில் காற்றுப் போவதற்குச் சுள்ளித்தடிகள். அதன்மேல் சருகும் வைக்கோலும் அரையடி. பிறகு வேலியில் வெட்டிய சீமைக்கிளுவைக் குழை, சாணக் கரைசல், கொஞ்சம் மேல்மண். இப்படியே அடுக்கடுக்காக இடுப்பளவு உயர்த்தி, கிடுகால் மூடினோம். மூன்றடிக்குக் குறைந்த குவியல் சூடேறாது. மூன்று கிழமைக்கு ஒருமுறை புரட்டி, காய்ந்தால் தண்ணீர் தெளித்தால், மூன்று மாதத்தில் எரு தயார். உண்மையில் மாரிகாலத்துக்கு இதுதான் திறம். கிடங்கில் வெள்ளம் நின்றால் காற்றில்லாமல் அழுகி நாறும்.

"உது எங்கட அப்பு பூவரசங்குழை தாட்ட மாதிரித்தான்" என்றார் ஓர் ஆச்சி. சரிதான். அவர் மண்ணுக்குள் தாட்டார், நாங்கள் வெளியே உக்கவைத்தோம்.

பத்து வருடம் கழித்து, 2021 மே மாதம், இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் திடீரென்று தடைசெய்தது. நவம்பரில் தடையை நீக்கியபோது காலபோக விதைப்புக் காலம் வந்துவிட்டிருந்தது. அந்த நாட்களில் அதே அக்கா தொலைபேசியில் கேட்டார். "ரீச்சர், என்ர வயலுக்கு உந்த எரு காணுமோ?"

காணாது என்றுதான் சொன்னேன். ஐம்பது கிலோ யூரியா மூடையில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. நல்ல கூட்டெருவில் நூறு கிலோவுக்கு ஒன்று, ஒன்றரைக் கிலோ கிடைத்தாலே பெரிய விடயம். ஒரு மூடைக்கு ஈடாக ஒன்றரைத் தொன் எருவாவது வேண்டும், அதுவும் மெல்ல மெல்லத்தான் பயிருக்குச் சேரும். ஒரு போகத்துக்குள் இதை மாற்றிவிடலாம் என்று நினைத்தவர்கள் வயலில் இறங்கி எரு சுமந்திருக்க மாட்டார்கள்.

தோடு அடைவு வைத்து விதைத்த நெல் மஞ்சளித்து, பாதிதான் வந்தது. தோடு இன்னும் திரும்பவில்லை. ஆனால் வீட்டு வளவுக்கு எரு தாராளமாகக் காணும். அடுத்த வருடம் விலைவாசி ஏறி எல்லோரும் திண்டாடியபோது, அந்த வீட்டில் கத்தரியும் வெண்டியும் மிளகாயும் கீரையும் கடையில் வாங்கவில்லை.

போன மாதம் அங்கு போனேன். குவியலின் நடுவே குத்தியிருந்த தடியை உருவி, "பிடிச்சுப் பாருங்கோ" என்று நீட்டினார் அக்கா. கை வைக்க முடியாத சூடு.