ஒரே தோட்டா... ஒன்றுக்குத் தடை, இன்னொன்றுக்கு அனுமதி: அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டம் சறுக்குவது எங்கே?

கலிஃபோர்னியாவில் ஒரு துப்பாக்கிக் கடை. மேசை மேல் இரண்டு ரைஃபிள்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று, ஹாலிவுட் படங்களில் பார்த்துப் பழகிய ஏ.ஆர்.-15. கருப்பு நிறம், கீழே நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடி, நீட்டி மடக்கும் தோள்கட்டை. இன்னொன்று ரூகர் மினி-14. மரக்கட்டை போட்ட, தாத்தா காலத்து வேட்டைத் துப்பாக்கி மாதிரியான தோற்றம்.

பார்த்தால் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் இரண்டிலும் போடுவது ஒரே .223 ரகத் தோட்டா. இரண்டுமே செமி ஆட்டோமேட்டிக். அதாவது விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா பாயும், அடுத்தது தானாக ஏறிக்கொள்ளும். இரண்டிலும் தோட்டா அடைத்த மேகசினைக் கழற்றி வேறொன்றை மாட்டலாம்.

முதலாவதை அந்த வடிவத்தில் விற்றால் குற்றம். இரண்டாவதை, பின்னணிச் சோதனையும் 10 நாள் காத்திருப்பும் முடிந்தால் வீட்டுக்கு எடுத்துப் போகலாம்.

அமெரிக்க மாநிலம் ஒன்று துப்பாக்கிக்குத் தடை போட்டதாகச் செய்தி வரும்போது, 'இனி அங்கே துப்பாக்கியே கிடையாது போல' என்று இங்கே பலர் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் தடைக்குப் பிறகும் கடையில் இருப்பதில் பெரும்பகுதி அப்படியே இருக்கும். பிரச்சினை தடையில் இல்லை, அந்தத் தடை எதைப் பார்த்துக் கோடு போடுகிறது என்பதில்தான் இருக்கிறது.

தடையில் சிக்குவது எது?

1989 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரில் ஒரு தொடக்கப் பள்ளியில் 5 குழந்தைகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு, 'அசால்ட் வெப்பன்' எனப்படும் ராணுவ பாணித் துப்பாக்கிகளைத் தடை செய்த முதல் மாநிலமானது கலிஃபோர்னியா. 1994-ல் நாடு முழுவதற்கும் ஒரு தடைச் சட்டம் வந்தது. அதன் ஆயுள் 10 ஆண்டுகள் மட்டுமே. 2004-ல் காலாவதியான பிறகு நாடாளுமன்றம் அதைப் புதுப்பிக்கவே இல்லை. இன்று இருப்பது மாநிலங்களின் தனித்தனிச் சட்டங்கள்: கலிஃபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி, கனெக்டிகட், மேரிலாந்து, மாசசூசெட்ஸ், டெலவேர், இல்லினாய், வாஷிங்டன் போன்றவை.

இந்தச் சட்டங்கள் பெரும்பாலும் இரண்டு வழியில் வேலை செய்கின்றன. ஒன்று, மாடல் பெயர்ப் பட்டியல். இன்னொன்று 'அம்சச் சோதனை': கழற்றக்கூடிய மேகசின் உள்ள செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளில் பிஸ்டல் பாணிக் கைப்பிடி, மடக்கும் தோள்கட்டை, சுடும்போது வரும் வெளிச்சத்தை மறைக்கும் குழல்முனை போன்றவை இருக்கிறதா என்று பார்ப்பது. 1994 சட்டப்படி இரண்டு அம்சங்கள் இருந்தால் தடை. இப்போது கலிஃபோர்னியா, நியூயார்க் போன்ற இடங்களில் ஒன்று இருந்தாலே தடை.

அப்படியானால் எது தப்பிக்கிறது?

லிஸ்ட் பெரியது.

• ஒவ்வொரு முறையும் கையால் இயக்கித் தோட்டா ஏற்ற வேண்டிய போல்ட், லீவர், பம்ப் வகை ரைஃபிள்கள். இந்தச் சட்டங்களின் குறியே செமி ஆட்டோமேட்டிக் என்பதால் இவை பொதுவாக அதற்குள் வருவதில்லை.

• அம்சங்கள் இல்லாத செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்கள். மினி-14 தப்பிப்பது இப்படித்தான். ஏ.ஆர்.-15-லும் கைப்பிடியை மாற்றி, தோள்கட்டையை நிலையாக்கி, குழல்முனையை எடுத்துவிட்டு, சட்டத்துக்கு உட்பட்ட வடிவமாகவே கலிஃபோர்னியாவில் விற்கிறார்கள்.

• பட்டியலிலேயே விதிவிலக்கு பெற்றவை. மேரிலாந்து ஏ.ஆர்.-15 வகையைத் தடை செய்தது. ஆனால் கனமான குழல் கொண்ட ஒரு கோல்ட் மாடலுக்கு விலக்கு கொடுத்தது. விளைவு, கனமான குழல் கொண்ட ஏ.ஆர்.-15 அங்கே சட்டப்படி கிடைக்கிறது.

• ஏற்கெனவே கையில் இருப்பவை. இல்லினாய் 2023 ஜனவரியில் தடை கொண்டுவந்தபோது, பழைய உரிமையாளர்கள் பதிவு செய்துவிட்டுத் தொடர்ந்து வைத்திருக்கலாம் என்றது. வாஷிங்டன் மாநிலமோ விற்பனை, தயாரிப்பு, இறக்குமதியைத்தான் தடுத்தது, வைத்திருப்பதை அல்ல.

பிஸ்டல் கதை இன்னும் விசித்திரம்

சாதாரண பிஸ்டல்களில் பெரும்பாலானவை இந்தத் தடைகளில் சிக்குவதே இல்லை. 2008-ல் 'ஹெல்லர்' வழக்கில், வீட்டில் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது அரசமைப்பு தரும் உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் மாநிலங்கள் குறி வைப்பது, மேகசின் கைப்பிடிக்கு வெளியே இருப்பது, இரண்டாவது கைப்பிடி இருப்பது போன்ற 'குட்டி ரைஃபிள்' மாதிரியான பிஸ்டல்களைத்தான். மற்றவற்றுக்கு மேகசின் அளவில்தான் கட்டுப்பாடு. நியூயார்க்கில் 10 தோட்டா, இல்லினாயில் கைத்துப்பாக்கிக்கு 15.

ஆனால் தினசரி உயிரிழப்பு எதனால்? 2020-ம் ஆண்டுக்கான எஃப்.பி.ஐ. தரவுகளில் துப்பாக்கிக் கொலைகளில் 59 சதவீதம் கைத்துப்பாக்கியால் நடந்தவை. ரைஃபிளால் நடந்தவை 3 சதவீதம். மீதியில் பெரும்பகுதிக்கு என்ன துப்பாக்கி என்றே பதிவாகவில்லை.

2007-ல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேரைக் கொன்றவன் கையில் இருந்தவை இரண்டு பிஸ்டல்கள் மட்டுமே. இறந்தவர்களில் தமிழ்நாட்டில் பிறந்த ஒரு பேராசிரியரும் இருந்தார்.

'அப்போ தடையே வேஸ்ட்'டா?

துப்பாக்கி ஆதரவாளர்கள் மினி-14-ஐக் காட்டிச் சொல்வது இதுதான்: "இரண்டும் ஒன்றுதான், அதனால் இரண்டையும் அனுமதியுங்கள்." முதல் பாதி சரி. ஆனால் அதிலிருந்து எடுக்கும் முடிவு தலைகீழ்.

1989 டிசம்பரில் கனடாவின் மான்ட்ரியால் நகரில் ஒரு பொறியியல் கல்லூரியில் 14 பெண்களைக் கொன்றவன் பயன்படுத்தியது இதே மினி-14. 2011-ல் நார்வேயின் உடோயா தீவில் 69 பேர் கொல்லப்பட்டபோதும் கொலையாளியிடம் மினி-14 இருந்தது. கனடா 2020 மே மாதம் சுமார் 1,500 ரகங்களைத் தடை செய்தபோது ஏ.ஆர்.-15-ஓடு மினி-14-ஐயும் சேர்த்தே தடை செய்தது. மரக்கட்டை போட்டிருக்கிறதே என்று சலுகை காட்டவில்லை.

தோற்றத்தைப் பார்த்துக் கோடு போட்டால், தயாரிப்பாளர் தோற்றத்தை மாற்றிவிடுவார். கலிஃபோர்னியாவே இதற்கு சாட்சி. மேகசினைக் கழற்ற ஒரு கருவி தேவைப்பட்டால் அது 'நிலையான மேகசின்' என்று விதி இருந்தது. உடனே தோட்டா முனையால் அழுத்தினாலே கழன்றுவிடும் 'புல்லட் பட்டன்' சந்தைக்கு வந்தது. 2015 டிசம்பரில் சான் பெர்னார்டினோவில் 14 பேர் கொல்லப்பட்ட பிறகே, 2016-ல் அந்த ஓட்டை அடைக்கப்பட்டது.

கோடு எங்கே போட வேண்டும்?

முதலில், எண்ணிக்கையில். 2011-ல் டூசான் நகரில் நாடாளுமன்ற உறுப்பினர் கேப்ரியல் கிஃபர்ட்ஸ் சுடப்பட்டார். கொலையாளியிடம் இருந்தது எல்லா ஊரிலும் கிடைக்கும் சாதாரண க்ளாக் பிஸ்டல்தான். ஆனால் அதில் 33 தோட்டா பிடிக்கும் மேகசின். அது தீர்ந்து, அடுத்ததை மாட்ட முயன்ற அந்த இடைவெளியில்தான் பொதுமக்கள் பாய்ந்து அவனை மடக்கினார்கள். அதற்குள் 6 உயிர்கள் போய்விட்டன, ஒன்று 9 வயதுச் சிறுமி. 10 தோட்டா மேகசினாக இருந்திருந்தால், அந்த இடைவெளி எவ்வளவு முன்னால் வந்திருக்கும்?

அடுத்தது, வாங்கும் ஆளில். கொலராடோ 2025 ஏப்ரலில் கொண்டுவந்த சட்டம் இந்த வழியில் ஒரு நல்ல தொடக்கம். 2026 ஆகஸ்ட் முதல், கழற்றக்கூடிய மேகசின் உள்ள பெரும்பாலான செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்களை அங்கே வாங்க வேண்டுமென்றால் ஷெரீஃப் அலுவலகச் சரிபார்ப்பு, பாதுகாப்புப் பயிற்சி, தேர்வு எல்லாம் முடிக்க வேண்டும். சில வேட்டை ரைஃபிள்களுக்கு விலக்கு இருந்தாலும், கைப்பிடியின் வடிவத்தைவிட இயங்கும் முறையைப் பார்ப்பதுதான் இதன் லாஜிக்.

மூன்றாவது, மாநில எல்லை. 2019-ல் கலிஃபோர்னியாவின் கில்ராய் பூண்டுத் திருவிழாவில் 3 பேரைக் கொன்ற 19 வயது இளைஞன், கலிஃபோர்னியாவில் வாங்க முடியாத ரைஃபிளை பக்கத்து மாநிலமான நெவாடாவில் சட்டப்படி வாங்கியிருந்தான். மத்தியச் சட்டம் இல்லாதவரை இந்தக் கதவு திறந்தேதான் இருக்கும்.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கும் இந்த எல்லைக் கணக்கு முக்கியம். ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருப்பதே மத்தியக் குற்றம். கிரீன் கார்டு வாங்கிய பிறகு டெக்சாஸில் வாங்கியதை, வேலை மாறி நியூ ஜெர்சிக்குப் போகும்போது காரில் போட்டுக்கொண்டு போனால், அங்கே அது கைது செய்யும் குற்றமாகிவிடலாம்.

2025 ஜூனில் மேரிலாந்து தடைக்கு எதிரான வழக்கை விசாரிக்க உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஆனால் இந்தக் கேள்வியை நீதிமன்றம் சீக்கிரமே எடுத்தாக வேண்டும் என்று நீதிபதி கவனா எழுதியிருக்கிறார். அந்த நாள் வருவதற்குள் மாநிலங்கள் தங்கள் சட்டத்தைத் திருத்திக்கொள்வது நல்லது. பள்ளிக்கூட மேசைக்கு அடியில் ஒளிந்திருக்கும் குழந்தைக்கு, வெளியே நிற்பவன் கையில் இருப்பது மரக்கட்டையா பிளாஸ்டிக்கா என்பது முக்கியமில்லை. அவனிடம் இன்னும் எத்தனை தோட்டா இருக்கிறது என்பதுதான் முக்கியம். சட்டமும் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.