கிரிமினாலஜி படித்தால் போலீஸ் ஆகிவிடலாமா? பட்டப்படிப்பில் சேரும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பிளஸ் 2 ரிசல்ட் வந்ததும் கல்லூரி விளம்பரங்களில் கண்ணில் படும் படிப்புகளில் ஒன்று கிரிமினாலஜி, அதாவது குற்றவியல். க்ரைம் சீரிஸ் பார்த்து ஆர்வமான மாணவர்களும், 'பையன் எஸ்.ஐ. ஆகணும்' என்று ஆசைப்படும் பெற்றோரும் இதைத் தேடி வருகிறார்கள். ஆனால் இந்தப் படிப்பு தரும் என்று பலர் நினைப்பது ஒன்று, உண்மையில் அது தருவது வேறொன்று. மூன்று வருஷமும் ஃபீஸும் போன பிறகு இது தெரியவந்தால் பாதையை மாற்றுவது சிரமம்.

குற்றவியல் வேறு, தடயவியல் வேறு

அதிகம் பேர் குழம்பும் இடம் இதுதான். ஒரு தெருவில் வீடு புகுந்து திருட்டு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பீரோவில் பதிந்த கைரேகையை எடுப்பது, ரத்தக் கறையை லேபில் பரிசோதிப்பது எல்லாம் தடயவியல். அதற்கு அடிப்படை வேதியியல், இயற்பியல், உயிரியல்.

குற்றவியல் கேட்கும் கேள்விகள் வேறு. அந்தப் பகுதியில் மட்டும் ஏன் திரும்பத் திரும்பத் திருட்டு நடக்கிறது? பிடிபட்ட 19 வயதுப் பையன் ஏன் இதில் இறங்கினான்? ஜெயிலுக்குப் போனால் திருந்துவானா, இன்னும் பெரிய குற்றவாளியாக வெளியே வருவானா? நகையைப் பறிகொடுத்தவருக்கு என்ன கிடைத்தது? இவற்றுக்கு அடிப்படை சமூகவியல், உளவியல், சட்டம். கல்லூரிப் பேராசிரியர் பணிக்கான யுஜிசி நெட் தேர்விலும் இவை இரண்டும் தனித்தனிப் பாடங்களாகவே இருக்கின்றன.

2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 7 ஆண்டுகளோ அதற்கு மேலோ தண்டனை விதிக்கத்தக்க வழக்குகளில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குச் செல்ல வேண்டும் என்கிறது. இதை நடைமுறைக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு 5 ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. இதனால் கூடுதல் ஆட்கள் தேவைப்படுவது உண்மைதான். ஆனால் அந்த லேப் வேலைகள் அறிவியல் பட்டதாரிகளுக்கானவை. பிளஸ் 2-வில் காமர்ஸ் எடுத்துவிட்டு பி.ஏ. குற்றவியல் முடித்தவருக்கு அந்தக் கதவு திறக்காது.

அப்படி என்னதான் படிக்கிறார்கள்?

குற்றம், தண்டனை பற்றிய கோட்பாடுகளின் வரலாற்றில் பாடம் தொடங்கும். தண்டனை கொடூரமாக இருப்பதைவிட நிச்சயமாகவும் சீக்கிரமாகவும் கிடைப்பதுதான் முக்கியம் என்று 1764-ல் எழுதிய இத்தாலியர் பெக்காரியா முதலில் வருவார். உடலமைப்பை வைத்தே 'பிறவிக் குற்றவாளி'யைக் கண்டுபிடிக்கலாம் என்று 1876-ல் வாதிட்ட லொம்ப்ரோசோவும் வருவார். அவருடைய கருத்து பின்னர் தவறு என நிராகரிக்கப்பட்டது.

பிறப்பிலேயே குற்றவாளி என்ற எண்ணம் சட்டமானால் என்ன நடக்கும் என்பதைத் தமிழ்நாடு நேரிலேயே பார்த்திருக்கிறது. பிரிட்டிஷ் அரசு 1871-ல் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், சில சமூகங்களை மொத்தமாகவே குற்றவாளிகள் என்று முத்திரை குத்தியது. பின்னர் அது சென்னை மாகாணத்துக்கும் விரிவுபடுத்தப்பட்டது. உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ம் தேதி, இந்தச் சட்டத்தை எதிர்த்த மக்கள் மீது போலீஸ் துப்பாக்கிச்சூடு நடத்தியதில் 16 பேர் உயிரிழந்தனர். யார் குற்றவாளி என்ற கேள்விக்குத் தவறான பதில் சொன்னால் உயிரே போகும் என்பதால்தான் இதை ஒரு துறையாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

இவற்றோடு குற்றச் சட்டங்கள், சிறை நிர்வாகம், இளம் சிறார் நீதி, பாதிக்கப்பட்டோர் இயல், சைபர் குற்றங்கள், ஆய்வு முறை, புள்ளியியல் ஆகியவையும் பாடத்திட்டத்தில் இருக்கும். 'கணக்கே வேண்டாம்' என்று வருபவர்களுக்குப் புள்ளியியல் கொஞ்சம் அதிர்ச்சியாக இருக்கலாம். ஆனால் அது இல்லாமல் இந்தத் துறையில் வேலை நடக்காது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 அறிக்கைப்படி, இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கில் மூன்று பேர் இன்னும் தண்டனை பெறாதவர்கள். அவர்கள் யார், ஜாமீன் ஏன் கிடைக்கவில்லை என்று எண்களை வைத்து ஆராய்வது குற்றவியல் மாணவர்களின் வேலை.

போலீஸ் வேலைக்கு இது ஷார்ட்கட்டா?

இல்லை. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் எஸ்.ஐ. தேர்வுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். எழுத்துத் தேர்வு, உடல்தகுதி எல்லாம் எல்லோருக்கும் ஒன்றுதான். ஐ.பி.எஸ். கனவும் அப்படித்தான். யுபிஎஸ்சி சிவில் சர்வீஸ் தேர்வின் விருப்பப் பாடப் பட்டியலில் சமூகவியல், உளவியல், சட்டம் இருக்கின்றன. குற்றவியல் இல்லை.

நேரடியாகப் பயன்படும் இடங்கள் எவை?

இந்தப் படிப்பு அதிகம் உதவும் இடங்களில் ஒன்று நன்னடத்தை அலுவலர் பணி. 1958-ம் ஆண்டு நன்னடத்தைச் சட்டப்படி, 21 வயதுக்கு உட்பட்ட ஒருவரை ஜெயிலுக்கு அனுப்பலாமா, கண்காணிப்பில் விடலாமா என்று முடிவெடுக்க நீதிமன்றம் இவரது அறிக்கையைத்தான் கேட்கும். 2015-ம் ஆண்டு இளம் சிறார் நீதிச் சட்டப்படி, வழக்கில் சிக்கிய சிறுவனின் குடும்பம், படிப்பு, சூழல் பற்றிய சமூக விசாரணை அறிக்கையை இரண்டு வாரத்துக்குள் இவர் தர வேண்டும். அந்த அறிக்கையில் ஒரு பிள்ளையின் எதிர்காலமே இருக்கிறது.

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகள், சிறைச் சீர்திருத்தத்தில் இயங்கும் தொண்டு நிறுவனங்கள், பாதிக்கப்பட்ட பெண்களுக்கான உதவி மையங்கள் ஆகியவற்றிலும் வாய்ப்பு உண்டு. ஆனால் இவற்றில் பல ஒப்பந்தப் பணிகள். முதுகலைப் பட்டம் கேட்பதும் சகஜம். எனவே இளங்கலையோடு நிறுத்தாமல் எம்.ஏ. குற்றவியல், சமூகப்பணி அல்லது மூன்று ஆண்டு சட்டப்படிப்பு என்று அடுத்த படிக்கும் சேர்த்தே திட்டமிடுவது நல்லது. தமிழ்நாட்டில் சென்னைப் பல்கலைக்கழகத்திலும், நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியலுக்குத் தனித் துறைகள் இருக்கின்றன.

அட்மிஷன் போடும் முன் என்ன பார்க்க வேண்டும்?

* யுஜிசி அங்கீகாரம் இருக்கிறதா? தொலைதூரக் கல்வி என்றால், அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கே அனுமதி இருக்கிறதா?
* 'குற்றவியல் மற்றும் தடயவியல்' என்று பெயர் இருந்தால், அறிவியல் பாடங்களும் லேபும் உண்மையிலேயே இருக்கின்றனவா?
* சிறை, நீதிமன்றம், கூர்நோக்கு இல்லம் போன்ற இடங்களில் களப்பயிற்சி உண்டா?
* குற்றவியல் படித்த ஆசிரியர்கள் பாடம் நடத்துகிறார்களா?
* முந்தைய பேட்ச் மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? இதைக் கல்லூரியிடம் கேட்பதைவிட அந்த மாணவர்களிடமே கேட்பது நல்லது.

லேப்தான் ஆசை என்றால் அறிவியல் பட்டம். காக்கிச்சட்டைதான் ஆசை என்றால் பிடித்த ஏதாவது ஒரு பட்டமும், தேர்வுக்கான பயிற்சியும் போதும். தப்பு செய்த ஒருவரைப் பார்த்ததும் 'இவர் ஏன் இப்படி ஆனார், இனி என்ன செய்யலாம்' என்று கேட்கத் தோன்றுகிறவர்களுக்குத்தான் குற்றவியல் சரியான படிப்பு.