மகனை இழந்த தாயின் சித்திரம்

சித்திரம் சீமான் வீட்டுச் சுவருக்குத்தான் என்பார்கள். பொய்! ஜெர்மனியின் கேத்தே கோல்விட்ஸ் அம்மையார் நெசவாளர் கிளர்ச்சியை ஆறு சித்திரங்களாகத் தீட்டினார். 1898-ல் அதற்குப் பதக்கம் தரலாமென்றது தேர்வுக் குழு, கெய்ஸர் மறுத்துவிட்டான். விவசாயிகள் யுத்தத்தையும் வரைந்தார். அதில் கூட்டத்தைக் கிளப்பி விடுபவள் ஒரு பெண்!

1914 அக்டோபரில் ஏகாதிபத்திய யுத்தம் அவரது 18 வயது மகன் பீட்டரைப் பலிகொண்டது. அவனைப் படைக்கு அனுப்பும்படி கணவரிடம் பரிந்து பேசியவரே இந்தத் தாய்தான். அந்த வேதனையைச் சுமந்தே பணி செய்தார். 1924-ல் யுத்தத்தை எதிர்த்துச் சுவரொட்டி வரைந்தார். மகன் புதைந்த பெல்ஜிய மயானத்தில், மண்டியிட்ட தாய் தந்தை சிலைகளை நிறுவ 1932 ஆயிற்று.

தோழர்களே, நமது சங்கக் கட்டிடங்களில் தலைவர்களின் படங்கள் தொங்குகின்றன. நடவுப் பெண்ணோ ஆலைப் பெண்ணோ வரைந்தது ஒன்றாவது உண்டா? மே தினத் தட்டி எழுத அவர்களையும் கூப்பிடுங்கள். கரித்துண்டு போதும்.